புயலுக்கு முன்னால் வந்த தீ: வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலத்தையொட்டி வந்த கடிதங்களில் பல, மலையகத் தோட்டங்களில் தீயும் புயல் மழையும் சேர்ந்து வருவது என்ற ஒரே விடயத்தைச் சுற்றியே அமைந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். முதற் கடிதம் சற்று நீளமானது. மற்ற வாசகர்களுக்கும் அதிலுள்ள விபரங்கள் தேவைப்படும் என்பதால் பெரிதாகச் சுருக்கவில்லை.

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பழைய லயத்தில் (ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் குடியிருப்பு) குடியிருக்கிறோம். கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள், வங்காள விரிகுடாவில் உருவான தாழமுக்கம் புயலாக மாறி அன்றிரவே எங்கள் பகுதியைக் கடக்கும் என்று காலையிலேயே வானொலியில் அறிவித்துவிட்டார்கள். அன்று யாருக்கும் நிற்க நேரமில்லை. கொழுந்தை முற்பகலுக்குள் நிறுத்து முடிக்க வேண்டும் என்று கணக்கப்பிள்ளை அவசரப்படுத்தினார். பாடசாலையை நேரத்தோடு விட்டுவிட்டதால் பிள்ளைகளை அழைத்துவர ஆள் போக வேண்டியிருந்தது. மாமனாரைக் கிளினிக்கிலிருந்து கூட்டிவர வேண்டும், கடையில் அரிசியும் மாவும் வாங்க வேண்டும், கூரைத் தகரங்களின் மேல் கல்லும் மணல் மூட்டையும் ஏற்ற வேண்டும். இந்த ஓட்டத்துக்கு நடுவில் லயத்தின் கடைசிக் காம்பிராவில் (ஒரு குடும்பம் குடியிருக்கும் அறையில்) புகை எழும்பியது. அந்த வீட்டுக்காரர்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மின் ஒழுக்கு என்று பின்னர் சொன்னார்கள். நாங்கள் ஓடி வருவதற்குள் தீ கூரையின் அடியால் அடுத்தடுத்த காம்பிராக்களுக்குப் போய்விட்டது. என் கணவரும் வேறு சிலரும், தீ வரும் திசையில் இன்னும் பற்றாமல் இருந்த இரண்டு காம்பிராக்களின் தகரங்களைப் பிரித்தார்கள். அவற்றில் ஒன்று எங்களுடையது. தீ அங்கே நின்றது. ஆனால் இரவு புயல் வந்தபோது கூரையில்லாத வீட்டில் அரிசி, துணிமணி, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் நனைந்து வீணாகிவிட்டன. நல்லாயிருந்த வீட்டை நாமே அழித்துக்கொண்டோம் என்று என் கொழுந்தனார் இன்றுவரை குறை சொல்கிறார். அன்றிரவு, எரியாமல் மிஞ்சிய காம்பிராக்களில் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். கூரையைப் பிரித்தது சரியா? மாலையில் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பசறை

பதில்: சகோதரி, உங்கள் கணவரும் மற்றவர்களும் கூரையைப் பிரித்தது முற்றிலும் சரியான செயல். நனைந்த அரிசியும் புத்தகமும் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகின்றன. எரியாமல் தப்பிய காம்பிராக்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் கொழுந்தனாரின் மனத்தாங்கல் அதனால் வந்ததுதான்.

லயத்தில் தீ எப்படி நகர்கிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட லயங்கள் பலவற்றில், காம்பிராக்களைப் பிரிக்கும் சுவர்கள் கூரை வரை எழுப்பப்படவில்லை. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே சென்று அவை நின்றுவிடும். அதற்கு மேல் லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இருப்பது ஒரே வெளி. அடுப்புக்கு மேலே பரண், பரணில் மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த தேயிலை மிலாறும் (வெட்டிக் காயவைத்த தேயிலைக் குச்சி) விறகும், தலைமுறை தலைமுறையாகப் புகை படிந்து கறுத்த கைமரங்கள், அவற்றில் தொங்கும் ஒட்டடை என்று எரிவதற்கு வேண்டிய அனைத்தும் அந்த வெளியிலேயே இருக்கின்றன. கீழே பற்றும் தீயின் வெப்பம் மேலெழுந்து, தகரத்தில் முட்டி, வெளியேற வழியில்லாமல் கூரையின் அடியோடு பக்கவாட்டில் ஓடும். அதனால்தான், கீழே சுவரையும் கதவையும் நாம் நனைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு காம்பிரா தள்ளியிருக்கும் பரண் பற்றிக்கொள்கிறது. முன்கூட்டியே தகரத்தைப் பிரித்துவிட்டால் அந்த வெப்பமும் புகையும் மேலே போய்விடும். பரணில் உள்ள விறகையும் இறக்கி அப்புறப்படுத்திவிட்டால், தீ தாண்டிப் போவதற்குப் பிடிமானம் எதுவும் இராது. பீலித் தண்ணீரை (குழாய் வழியாக வரும் ஊற்றுத் தண்ணீரை) வாளியில் சுமந்து வந்து ஊற்ற வேண்டிய இடத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் இதைச் செய்வதற்கு முறை உண்டு. தீ எரியும் காம்பிராவுக்கு நேர் மேலேயோ அதை ஒட்டியோ கூரையைத் திறக்கக் கூடாது. அப்படித் திறந்தால் காற்று புகுந்து தீ ஓங்கி எழும், ஏறியவரும் உள்ளே விழுந்துவிடுவார். அடியில் இன்னும் புகை சேராத இடத்தில்தான் திறக்க வேண்டும். அதற்கு முன்னர் லயத்துக்கு வரும் மின்சாரம் முழுவதையும் துண்டித்திருக்க வேண்டும். ஏணியில் நின்றபடி, நீண்ட கொக்கித் தடியால் ஆணியோடு சேர்த்துத் தகரத்தைப் பெயர்ப்பது, தகரத்தின் மேல் ஏறி நிற்பதைவிடப் பாதுகாப்பானது. கூரை ஆஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் கிட்டப் போகவே கூடாது. சூடேறிய ஆஸ்பெஸ்டஸ் பட்டாசு வெடிப்பதைப்போல் வெடித்துச் சிதறும், அதன் தூள் நெஞ்சுக்குள் போவதும் கேடு.

பிரித்த தகரங்கள் அதன் பிறகு என்ன ஆயின என்பதை உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. சாதாரண நாளில் அவை முற்றத்தில் கிடந்தால் ஒன்றும் ஆகாது. புயல் வரப்போகிற நாளில், கட்டப்படாமல் கிடக்கும் ஒவ்வொரு தகரமும் இரவில் பறந்து வந்து ஆளை வெட்டக்கூடிய ஆயுதம். தீ அணைந்த கையோடு, எரிந்தது எரியாதது என்று பார்க்காமல் எல்லாத் தகரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மேலே கல் ஏற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். வளையாத தகரங்கள் நான்கைந்து இருந்தால், அவற்றை மீண்டும் அறைந்து வீட்டின் ஒரு மூலையையாவது மூடலாம் என்று தோன்றும். நேரம் இருந்தால் செய்யலாம். ஆனால் அந்த மூலைக்குள் பொருட்களைத்தான் வைக்க வேண்டும், ஆட்களை வைக்கக் கூடாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்தக் கடிதம் முழுவதிலும் என்னை மிகவும் உறுத்தியது, அன்றிரவை நீங்கள் அதே லயத்தில் கழித்தீர்கள் என்பதுதான். கார்த்திகை மாதத்தில் மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். மேகம் மூடிய நாளில் அதற்கும் முன்பே. தீ நண்பகலில் அடங்கியிருந்தால், உங்கள் கையில் இருந்தது சில மணித்தியால வெளிச்சம் மட்டுமே. அந்த வெளிச்சத்தை எதற்குச் செலவிடுவது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. சாம்பலைக் கிளறி நகை தேடுகிறார்கள், யாருடைய வயரால் தீப்பிடித்தது என்று வாக்குவாதப்படுகிறார்கள், எரிந்த அலுமாரியை வெளியே இழுக்கிறார்கள். இருட்டிய பிறகு மழை தொடங்கும்போதுதான் எங்கே படுப்பது என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியைத் தீ அணைந்த உடனேயே கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளும் வயதானவர்களும் கர்ப்பிணிகளும் இன்றிரவு எங்கே படுப்பார்கள் என்பதை முடிவு செய்து, அவர்களை வெளிச்சத்திலேயே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த பின்னர்தான் பொருட்களைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எரியாத காம்பிராக்களில் ஏன் தங்கக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். பழைய லயச் சுவர்கள் பலவும் கருங்கல்லும் சுண்ணாம்பும் மண்ணும் சேர்த்துக் கட்டப்பட்டவை. சுவர்களின் தலையைப் பிடித்து நிறுத்துவது கூரை மரங்கள்தான். மரம் எரிந்து போன பக்கத்தில் சுவர் பிடிப்பில்லாமல் தனியே நிற்கிறது. வெப்பத்தில் வெடித்த அந்தச் சுவரின் மேல் இரவு முழுவதும் மழை இறங்கினால் அது ஊறிச் சரியும், அதன் மறுபக்கம்தான் நீங்கள் படுத்திருந்த இடம். இன்னொன்றும் உண்டு. கூரையின் ஒரு பகுதி திறந்துவிட்டால், காற்று அந்த வழியாக உட்புகுந்து மிச்சக் கூரையைக் கீழிருந்து தூக்கும். மேலே கல் ஏற்றினாலும் போதாது. முழுக் கூரையோடு ஓரளவு தாங்கக்கூடிய லயம், பாதிக் கூரையோடு தாங்காது.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். தீயில் வயர்களின் மேலுறை உருகியிருக்கும். ஒரே இணைப்பிலிருந்து பல காம்பிராக்களுக்கு வயர் இழுத்திருக்கும் லயங்களில், எரியாத வீட்டுக்குள்ளும் அந்தப் பழுது இருக்கும். இருட்டிவிட்டது, போனுக்குச் சார்ஜ் வேண்டும் என்று யாராவது மாலையில் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டால், நனைந்த சுவரிலும் தகரத்திலும் மின்சாரம் பாயும். மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு, தகுதியுள்ள மின்னியலாளர் பார்த்துச் சரியென்று சொல்லும் வரை அதைத் தொடக் கூடாது. சுவிட்சுக்குப் பக்கத்தில் பொறுப்பான ஒருவரை நிறுத்தினாலும் தவறில்லை.

எரிந்த பக்கத்தையும் கவனிக்க ஆள் வேண்டும். விழுந்த மண்ணுக்கும் மரத்துக்கும் அடியில் தணல் பல மணித்தியாலம் கிடக்கும். மழைக்கு முன்னர் வரும் காற்றுக்கு அது மீண்டும் மூளும். இடிந்தவற்றைக் கிளறிக் கிளறித் தண்ணீர் ஊற்ற வேண்டும். எரிவாயு சிலிண்டர்களை அப்பால் எடுத்து வைக்க வேண்டும். லயத்தின் பின்புறத்தில் மலைப் பக்கமாக ஓடும் கானையும் (வடிகாலையும்) பார்க்க வேண்டும். தீயின்போது வீசியெறிந்த பாயும் பலகையும் விறகும் அந்தக் கானில்தான் பெரும்பாலும் போய் விழும். மழை தொடங்கியதும் கான் அடைத்துத் தண்ணீர் பின்சுவரோடு தேங்கும். எனக்குத் தெரிந்த இடங்களில், தீயில் தப்பிய பின்சுவர் இந்தத் தண்ணீருக்குத்தான் விழுந்திருக்கிறது. இரண்டு பேர் மண்வெட்டியோடு அரை மணி நேரம் வேலை செய்தால் கான் திறந்துவிடும்.

எங்கே போவது? பாடசாலை, கோயில், பிள்ளைக்காம்பிரா (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையம்), உறுதியான தனி வீடு என்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடம் வெட்டிய மண்திட்டின் அடியிலோ, ஓடையின் கரையிலோ இருக்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் மாண்டதும் நம் கண்முன் நடந்தவை. கிராம உத்தியோகத்தரையோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையோ பகலிலேயே அழைத்து, உங்கள் பிரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எந்த நிற மண்சரிவு எச்சரிக்கையை விடுத்திருக்கிறது என்று கேளுங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இருப்பது, செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயாராக இருப்பது, சிவப்பு என்றால் உடனே வெளியேறுவது. வீடு எரிந்து பாதி நிற்கும் குடும்பம் சிவப்பு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தன் வீட்டுக் கூரையைத் தானே பிரித்து அயல்வீடுகளைக் காப்பாற்றியவருக்கு, அந்தக் கூரையைத் திரும்பப் போட்டுக் கொடுப்பது காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் உரிய கடமை. அவர் அதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் லயத்துக்கு மேலே மானாப்புல் வளர்ந்த மலை இருக்கிறது. வரட்சிக் காலத்தில் யாரோ வைத்த தீயில் முழுவதும் எரிந்துவிட்டது. அடுத்து வந்த பெருமழையில் கறுப்புச் சேறு வாசல் வரை இறங்கியது. மலை முழுவதும் சரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. புல் எரிந்ததற்கும் மண்சரிவுக்கும் தொடர்பு உண்டா?

— வாசகர், ஹப்புத்தளை

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் நீங்கள் பயப்படும் விதத்தில் அல்ல. இரண்டு வேறு ஆபத்துகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஊவாப் பகுதியில் ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று வீசி மானாப்புல் காய்ந்து கிடக்கும்போது தீ பற்றுவதும், ஐப்பசியில் மழை தொடங்குவதும் ஆண்டுதோறும் நடப்பதே. மழைத்துளி நேரே மண்ணில் அறையாமல் தாங்குவதும், ஓடும் தண்ணீரின் வேகத்தைத் தடுப்பதும் புல்தான். அது எரிந்ததும் மண் வெறுமையாகிறது. எரிந்த மேல்மண் சில காலத்துக்குத் தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிவிடவும் கூடும். எனவே பெய்யும் மழையில் பெரும்பகுதி மேலோட்டமாகவே ஓடி, சாம்பலையும் மேல்மண்ணையும் சிறு கற்களையும் வாரிக்கொண்டு இறங்குகிறது. உங்கள் வாசலுக்கு வந்த கறுப்புச் சேறு அதுதான். இதற்குத் தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. லயத்துக்கு மேலே சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டி, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்புங்கள். மிலாறையும் கிளைகளையும் கட்டுக்கட்டாகக் கட்டிச் சரிவுக்குக் குறுக்கே முளையடித்துக் கிடத்தினால் மண் அங்கே தங்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கானில் சேர்ந்த மண்ணை அள்ளிவிட வேண்டும். மானாவின் வேர் பெரும்பாலும் தப்பியிருக்கும், இரண்டு மழை கண்டதும் துளிர்க்கும். அதற்குள் அந்த மலையில் மாடு ஆடு மேயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழமான மண்சரிவு வேறு வகை. அதைத் தூண்டுவது நிலத்துக்குள் இறங்கித் தேங்கும் தண்ணீர், மலை எரிந்திருக்கிறதா பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து அது வருவதில்லை. மரங்கள் எரிந்து பட்டுப்போன மலையில், வேர்கள் உக்கிப் பிடி தளரும் பின்னைய ஆண்டுகளில் அந்த ஆபத்துக் கூடலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் தயாராகவும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறவும் சொல்கிறது. மழைமானி இருக்கும் தோட்டங்களில் அளவைக் கேட்டு அறிய உங்களுக்கு உரிமை உண்டு. மழைமானி இல்லாவிட்டால், நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உள்ள டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலும் கிட்டத்தட்ட விபரம் தெரியும்.

அளவு எதுவாக இருந்தாலும், நிலத்தில் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம் அல்லது மின்கம்பம், முன்பு இல்லாத இடத்தில் ஊற்று, திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பீலி நின்றுபோவது அல்லது சேறாக வருவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டால் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் குடும்பத்தோடு இறங்கிவிடுங்கள். இறங்கும்போது ஓடை வழியாகப் போகாதீர்கள், மேட்டின் ஓரமாகப் போங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தீப்பிடித்தபோது தீயணைப்பு வாகனம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த அந்த நாளில் பாதையில் மரம் வேறு விழுந்து கிடந்தது. இனி அவர்களை அழைப்பதில் பயன் உண்டா?

— இளைஞர் மன்ற உறுப்பினர், ஹட்டன்

பதில்: கட்டாயம் அழைக்க வேண்டும். இலக்கம் 110. தீயணைப்புப் பிரிவுகள் பெரும்பாலும் நகரங்களிலுள்ள மாநகர, நகர சபைகளைச் சார்ந்தே இருக்கின்றன. தோட்டப் பாதையில் அவ்வளவு பாரமான வாகனம் ஏறிவர நேரமெடுக்கும் என்பது உண்மை. ஆகவே முதல் புகையைக் கண்டதும் அழையுங்கள், நீங்களே அணைத்துப் பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று இருக்காதீர்கள். பெருந்தெருவிலிருந்து எந்தச் சந்தியால் திரும்ப வேண்டும், எந்தப் பாலத்தில் லொறி ஏறும், கடைசியாக வாகனம் எதுவரை வரும் என்று சொல்லக்கூடிய ஒருவரே பேச வேண்டும். இன்னொருவர் சந்தியில் போய் நிற்க வேண்டும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் பாதையில் மரம் விழுந்தால் வெட்டி அகற்ற, கைவாளும் கோடரியும் எங்கே இருக்கின்றன என்பது உங்கள் மன்றத்தில் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றபடி, லயத்துக்கு இரண்டு கொக்கித் தடி, ஓர் ஏணி, நிரம்பிய தண்ணீர்ப் பீப்பாய், மணல் வாளி ஆகியவற்றை உங்கள் மன்றமே ஏற்பாடு செய்யலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பழைய வயர்களை மாற்றி, வீட்டுக்கு வீடு ட்ரிப் சுவிட்ச் (மின் ஒழுக்கு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்துவது நிர்வாகத்தோடும் மின்சார சபையோடும் பேசித்தான் ஆகவேண்டிய காரியம். தலைவர் மூலம் எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருக்கும்வரை ஒருவருடைய அடுப்பும் வயரும் எல்லாருடைய ஆபத்துத்தான். தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்படுவதையும், 2017 இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளையும் சலுகையாகக் கருதிப் பேசுவோர் இன்னும் இருக்கிறார்கள். தீப்பிடித்த லயம் ஒன்றின் முன்னால் நின்று பார்த்தவர் எவரும் அப்படிப் பேசமாட்டார்.

கேள்வி: தீயில் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரம் எல்லாம் எரிந்துவிட்டன. புயலினால் அலுவலகங்களும் மூடிக் கிடந்தன. எங்கிருந்து தொடங்குவது?

— வாசகி, மஸ்கெலியா

பதில்: பொலிஸ் நிலையத்திலிருந்து தொடங்குங்கள், அம்மா. தீயில் என்னென்ன பத்திரங்கள் எரிந்தன என்று ஒன்றும் விடாமல் முறைப்பாட்டில் எழுதச் சொல்லி, அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதோடு கிராம உத்தியோகத்தரிடம் போனால் அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை அவர் உறுதிப்படுத்துவார், பிரதேச செயலகம் வழியாக அது ஆட்பதிவுத் திணைக்களத்துக்குச் செல்லும். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளையும் பிரதேச செயலகத்திலேயே கேட்கலாம். மூலப் பதிவு அரசாங்கத்திடம் இருப்பதால் எரிந்தது உங்கள் கையிலிருந்த பிரதி மட்டுமே. சேமலாப நிதி இலக்கம் சம்பளச் சீட்டில் இருக்கும், அதைக் கொண்டு தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். பரீட்சைச் சான்றிதழ்களுக்குப் பரீட்சைகள் திணைக்களத்தின் 1911 இலக்கம் உண்டு. சின்னப் பிள்ளையின் கிளினிக் கொப்பியை மறந்துவிடாதீர்கள். போட்ட தடுப்பூசிகளின் விபரம் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் இருக்கும், அவரிடம் சொன்னால் புதிதாக எழுதித் தருவார்.

கேள்வி: என் பேத்திக்கு ஏழு வயது. பக்கத்து லயம் எரிந்ததையும் அன்றிரவுப் புயலையும் பார்த்தவள். இப்போது அடுப்பில் புகை வந்தாலே அழுகிறாள், மழை இருட்டினால் சாப்பிடுவதில்லை, தனியாகப் படுப்பதில்லை. தோட்டத்தில் சிலர் பேய்க்குணம் என்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு பாட்டி, லுணுகலை

பதில்: அம்மா, இது பயம். பெரியவர்களையே நடுங்க வைத்த ஒரு நாளைக் கண்ட குழந்தைக்கு இந்தப் பயம் வருவது இயற்கை, பேய்க்குணம் என்று சொல்பவர்களிடமிருந்து அவளைத் தள்ளி வைத்திருங்கள். ஒன்றுமில்லை, அழாதே என்று வாயை அடைக்காமல், அவள் கண்டதை அவளுடைய சொற்களிலேயே சொல்ல விடுங்கள். திரும்பத் திரும்பச் சொன்னாலும் கேளுங்கள், சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சில காலத்துக்கு உங்களோடு படுக்கட்டும். சாப்பாடு, பாடசாலை, விளையாட்டு என்ற வழமையான நேரங்கள் மாறாமல் இருப்பது மருந்தைவிட உதவும். எரிந்த லயத்தின் படங்களையும் புயல் காட்சிகளையும் போனில் அவள் முன் ஓட்டாதீர்கள்.

அடுப்புப் புகைக்கு அழுகிறாள் என்பதால் அவளை அடுக்களைக்கு வரவிடாமல் தடுக்க வேண்டாம். நீங்கள் அடுப்பு மூட்டும்போது இஸ்தோப்பிலிருந்து (முன் விறாந்தையிலிருந்து) பார்க்கட்டும். விறகை எப்படி வைக்கிறீர்கள், வேலை முடிந்ததும் தணலை எப்படித் தண்ணீர் தெளித்து அணைக்கிறீர்கள் என்று சொல்லிக் காட்டுங்கள். சில நாட்களில் தண்ணீர் தெளிக்கும் வேலையை அவளிடமே கொடுத்துவிடலாம். மழை வரப்போகிறது என்று அறிவித்தால், போக வேண்டியிருந்தால் எந்த இடத்துக்குப் போவோம், யார் அவளுடைய கையைப் பிடித்திருப்பார், பையில் எந்த உடுப்பு இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாடசாலை ஆசிரியைக்கும் நடந்ததைத் தெரியப்படுத்துங்கள்.

ஒரு மாதத்துக்கு மேலாகியும் உறக்கமும் சாப்பாடும் சீராகாவிட்டால், அல்லது அவள் பேசுவதையே நிறுத்திக்கொண்டால், அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். போவதற்கு முன் கேட்டறிய வேண்டுமானால், தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 இலக்கத்துக்குப் பேசலாம். தமிழில் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.